கண் அழுத்தமும் ஒரு சிறு துளையும்

நான் வீடு மாறவில்லை, மாவட்டம்தான் மாறிக்கொண்டே வந்தது. வேலையில் சேர்ந்தபோது கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993ல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது. 2019ல் கள்ளக்குறிச்சியே மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டது. இந்த மூன்று பெயரிலும் அரசு முத்திரை குத்திய காகிதங்கள் என் பீரோவில் உண்டு.

பழைய வாசகர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர். 1976ல் மத்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு உருவான பணியிடம் அது. கண்ணாடி பவர் பார்ப்பது, முகாமுக்கு ஆள் சேர்ப்பது, புரை முற்றியவர்களை வேனில் ஏற்றி அனுப்புவது, திரும்பி வந்தவர்களுக்குச் சொட்டு மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது. இதுதான் வேலை. கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைப் பக்கம் போய், அங்கிருந்து கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை வரை போன நாட்கள் ஏராளம்.

இன்றைய பதிவு என் வேலையைப் பற்றியும் என் வலது கண்ணைப் பற்றியும். கூடவே, இருபத்தைந்து வருடமாக நான் ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த ஒரு பதிலைப் பற்றியும்.

மலையிலிருந்து வந்தவர்

1996 என்று நினைவு. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு மலையாளி கவுண்டர் முகாமுக்கு வந்தார். (நம் மலைவாழ் மக்களை ‘மலையாளி’ என்றுதான் சொல்வோம், கேரளத்துக்காரர் என்று வெளியூர் வாசகர்கள் நினைக்க வேண்டாம்.) வயது நாற்பத்தைந்துக்குள். கடுக்காயும் புளியும் பொறுக்கி மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டுவருபவர். சின்ன வயதில் ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்த குடும்பம். மலையில் ஜாகீர் ஆட்சி ஒழிந்ததே 1976ல்தானே. மருத்துவமனை, டாக்டர் எல்லாம் அவருக்குப் புதிது.

அவருக்கு இடது கண்ணில் ஏற்கெனவே பார்வை போயிருந்தது. வலது கண்ணில் நேராக வைத்தால் தெரியும், பக்கத்தில் தெரியாது. எதையும் முகத்துக்கு அருகில் வைத்துத்தான் பார்ப்பார். படுக்க வைத்து, மரத்துப்போகும் சொட்டு விட்டு, ஷியோட்ஸ் கருவியைக் கருவிழி மேல் வைத்தேன். 1905ல் நார்வேக்காரர் ஷியோட்ஸ் கண்டுபிடித்த கருவி அது. என் காலத்திலும் முகாமில் அதுதான் ஆயுதம். அதில் ஒரு வேடிக்கை உண்டு: முள் குறைவாக நகர்ந்தால் அழுத்தம் அதிகம், நிறைய நகர்ந்தால் அழுத்தம் குறைவு. கவுண்டருக்கு முள் அசையவே இல்லை என்று சொல்லலாம். கண் கல்லாக இருந்தது.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். ஆபரேஷன் நடந்தது. இரண்டு வாரம் கழித்து என்னிடம் வந்தார். அழுத்தம் இறங்கியிருந்தது. எனக்கு மகிழ்ச்சி. அவருக்கு இல்லை.

“சார், முன்ன இருந்ததுகூட இப்ப இல்ல. எல்லாம் ஆத்துத் தண்ணிக்குள்ள பாக்கிற மாதிரி நெளியுது. மொகம் கோணலா தெரியுது.”

நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கண் வெளியே சுத்தமாக இருந்தது. “மருந்து ஒழுங்கா விட்டிருக்க மாட்டீங்க கவுண்டரே. மூட்டை தூக்கியிருப்பீங்க. அழுத்தம் நல்லா குறைஞ்சிருக்கு. சும்மா மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க” என்றேன். கொஞ்சம் அதட்டியும்விட்டேன். மலைக்கு பஸ் புறப்படும் நேரம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுபடி என்னிடம் வரவில்லை.

கண்ணுக்குள் ஓடும் தண்ணீர்

கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. நிமிடத்துக்குச் சுமார் 2 மைக்ரோலிட்டர், நாள் முழுக்கச் சேர்த்தாலும் மூன்று நான்கு மில்லிதான். ஊறிய நீர் கருவிழி ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற பகுதி வழியாக வடிந்து ரத்தத்தில் கலக்கும். வரத்தும் போக்கும் சரியாக இருந்தால் கண்ணின் அழுத்தம் 10க்கும் 21க்கும் இடையில் நிற்கும். வடிகால் அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் பின்னால் இருக்கும் பார்வை நரம்பை மெல்ல மெல்லச் சாகடிக்கும். இதுதான் கிளாக்கோமா, கண் நீர் அழுத்த நோய். பெரும்பாலோருக்கு வலி கிடையாது. பக்கப் பார்வையில் தொடங்கித் தின்றுகொண்டே நடுவுக்கு வரும். போன பார்வை போனதுதான்.

2024 ஜூன் மாதம் எங்கள் ஊர் கருணாபுரத்தில் நடந்ததை நாடே பார்த்தது. மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பிழைத்தவர்களிலும் சிலருக்குப் பார்வை போனது. மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. அதற்கு ஓரிரு நாள் போதும். அதே நரம்பைக் கொல்ல கிளாக்கோமா பத்து வருடம் எடுத்துக்கொள்ளும். முதலாவதற்கு ஊரே கூடி அழுதது. இரண்டாவது நடப்பது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது.

எழும்பூரில் ஒரு துரை

1851ல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைச் செய்த பிறகுதான் உயிருள்ள மனிதனின் விழித்திரையை டாக்டர்கள் முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தார்கள். 1857ல் பெர்லினில் வான் கிரேஃபே, கண்ணின் கருவளையத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்தால் சில வகை கிளாக்கோமா அடங்குகிறது என்று அறிவித்தார். திடீரென்று வலியோடு வரும் வகைக்கு அது உதவியது. சத்தமில்லாமல் வரும் வகைக்கு அவ்வளவாக உதவவில்லை. 1870களில் சொட்டு மருந்துகள் வந்தன. ஆனால் அவற்றை ஒரு நாளைக்குப் பலமுறை, ஆயுள் முழுக்க விட வேண்டும்.

இனி கதை நம் சென்னைக்கு வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1819ல், ராயப்பேட்டையில் தொடங்கியது மெட்ராஸ் கண் மருத்துவமனை. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. 1880களில் எழும்பூருக்கு இடம் மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1904ல் அதற்குத் தலைவராக வந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட், இந்திய மருத்துவப் பணி அதிகாரி. பாம்பு விஷத்தை ஆராய்ந்தவர். பிற்காலத்தில் லண்டன் போய், ‘இந்தியக் கயிற்று வித்தை’ என்ற ஒன்று கிடையவே கிடையாது என்று வாதாடியவரும் இவர்தான். கண்ணால் கண்டதை மட்டும் நம்பும் ஆசாமி.

எலியட் 1909ல் ஒரு புது முறையை வெளியிட்டார். கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில், மேல்தோலைத் தூக்கிவிட்டு, டிரெஃபைன் என்ற உருளைக் கத்தியால் சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டத் துளை. பிறகு மேல்தோலை மறுபடி மூடிவிடுவது. உள்ளே தேங்கும் நீர் அந்தத் துளை வழியாகக் கசிந்து, மேல்தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கொப்புளமாகப் புடைத்து, அங்கிருந்து உடம்பில் கலந்துவிடும். ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாகத் தண்ணீர் போகிறதே, அதே ஏற்பாடு. பிரான்சில் லாக்ராஞ்ச் 1906லேயே வெள்ளைவிழியில் ஒரு துண்டு வெட்டி வழி செய்திருந்தார், ஸ்காட்லாந்தில் ஃபெர்கஸும் அதே 1909ல் டிரெஃபைன் பிடித்தார். ஆனால் முறையைச் சீர்செய்து, சென்னை நோயாளிகளிடம் நூற்றுக்கணக்கில் செய்து, 1913ல் புத்தகமாகவும் எழுதி உலகெங்கும் பரப்பியவர் எலியட். ஏறக்குறைய அரை நூற்றாண்டு உலகம் முழுக்க அது புழக்கத்தில் இருந்தது.

அந்த முறை சென்னையில் வளர்ந்ததில் எனக்கு வியப்பில்லை. மாட்டுவண்டி கட்டி, ரயில் ஏறி எழும்பூர் வந்த கிராமத்து நோயாளியிடம் “தினம் நாலு வேளை சொட்டு விடு, மாதம் ஒருமுறை வந்து காட்டு” என்று சொல்லிப் பயனில்லை. ஒரே ஆபரேஷன், அதோடு முடிந்தது என்று இருந்தால்தான் அவனுக்கு உதவும். 1996ல் என் கவுண்டருக்கும் அதேதான் நிலைமை.

துளை போட்டது சரி, அளவு?

எலியட் துளையின் குறை, அதற்குக் கதவு கிடையாது என்பதே. கலிங்கில் பலகை இல்லாவிட்டால் ஏரி முழுக்க வடிந்துவிடும் அல்லவா? அதுபோல நீர் அளவுக்கு மேல் வடிந்து கண் துவண்டுபோனது. கொப்புளத்தின் தோல் மெலிந்து, வருடங்கள் கழித்து ஒரு நாள் கிருமி நுழைந்து கண்ணே பழுத்துப்போன சம்பவங்களும் வந்தன.

ஆபரேஷன் நடந்ததோ கண்ணின் முன்பக்கம். ஆனால் பாதிப்பு பின்பக்கத்தில், விழித்திரையில் தெரிந்தது. ஒவ்வொன்றாக டாக்டர்கள் கண்டுபிடித்துப் பெயர் வைத்தார்கள். வியன்னாவின் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் 1900 வாக்கில், கண் ஆபரேஷனுக்குப் பிறகு அழுத்தம் விழும்போது, விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ரத்தக்குழாய் அடுக்கு நீர் கோத்துப் பெயர்ந்து நிற்பதை விவரித்தார். இது பெரும்பாலும் தானே படிந்துவிடும். சிலருக்கு அந்த அடுக்கில் ரத்தக்குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டும், அது பெரிய ஆபத்து. வயதானவர்களும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் ஆபரேஷனுக்குப் பிறகு முக்கக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது, இருமலை அடக்க மருந்து சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் இதற்குத்தான். நாங்கள் நோயாளிகளிடம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தோம், காரணம் சொன்னதில்லை.

மூன்றாவது, அழுத்தம் ஒரேயடியாக விழும்போது விழித்திரையில் அங்கங்கே ரத்தப் பொட்டுகள் தோன்றுவது. இதற்கு 1992ல்தான் தனிப் பெயர் கிடைத்தது. பெரும்பாலும் சில வாரங்களில் மறையும்.

நான்காவதுதான் என் கதைக்கு வேண்டியது. காற்று இறங்கிய பந்தைப் பார்த்திருப்பீர்கள், அதன் தோல் சுருங்கிப் பள்ளம் விழும். அழுத்தம் மிகவும் குறைந்த கண்ணின் சுவரும் அப்படித்தான் உள்வாங்கும். உள்ளே ஒட்டியிருக்கும் விழித்திரை, பாயில் விரித்த வேட்டி கசங்குவது போல மடிப்பு மடிப்பாகிவிடும். நாம் எழுத்துப் படிப்பதும் முகம் பார்ப்பதும் மாகுலா என்ற நடுப்புள்ளியால். மடிப்பு அங்கே விழுந்தால் நேர்க்கோடு நெளியும், முகம் கோணும். 1950களில் டெல்லபோர்ட்டா இந்த மாற்றங்களை விவரித்தார். 1972ல் அமெரிக்காவின் டொனால்ட் காஸ் அதற்கு ‘ஹைப்போட்டனி மாகுலோபதி’ என்று பெயர் வைத்தார்.

இது யாருக்கு அதிகம் வரும்? வயது குறைந்தவர்களுக்கும் கிட்டப்பார்வைக்காரர்களுக்கும். அவர்கள் கண் சுவர் நெகிழ்ந்து கொடுக்கும். அதே காரணத்தால்தான் ஷியோட்ஸ் கருவியும் கிட்டப்பார்வைக் கண்ணில் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். இதைப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன்.

கதவு வைத்த துளை

1968ல் கேம்பிரிட்ஜில் கெய்ர்ன்ஸ் என்பவர் டிராபெக்குலெக்டமி என்ற முறையை வெளியிட்டார். துளையை அப்படியே விடாமல், வெள்ளைவிழியிலேயே பாதிக் கனத்துக்கு ஒரு மடல் வெட்டி, அதன் அடியில் துளை போட்டு, மடலைத் தையல் போட்டு மூடினார். கலிங்குக்குப் பலகை கிடைத்துவிட்டது. வெட்டுப்பட்ட இயற்கை வடிகாலின் முனைகள் வழியாகத்தான் நீர் போகிறது என்று அவர் முதலில் நினைத்தார். பார்த்தால், எலியட் துளையைப் போலவே இதிலும் நீர் கொப்புளத்தில்தான் வடிந்தது! ஆனால் அளவாக வடிந்தது. உலகம் எலியட்டை விட்டு கெய்ர்ன்ஸ் பக்கம் வந்தது.

அடுத்த சிக்கல், உடம்பு எந்தப் புண்ணையும் ஆற்றிவிடும். நாம் சிரமப்பட்டுப் போட்ட வழியையும் புண் என்று நினைத்துத் தழும்பு போட்டு மூடிவிடும். 1983ல் தைவானைச் சேர்ந்த சென் என்ற டாக்டர், புற்றுநோய்க்குக் கொடுக்கும் மைட்டோமைசின் மருந்தை அந்த இடத்தில் சிறிது நேரம் தடவினால் தழும்பு வராது என்று காட்டினார். 1990களில் அது பரவியது. வழி அடைபடுவது குறைந்தது. கூடவே அழுத்தம் மிகவும் விழுந்துபோன கண்களும், மடிப்பு விழுந்த விழித்திரைகளும் அதிகமாயின. வேகமாக ஆறினால் ஒரு கஷ்டம், ஆறாவிட்டால் இன்னொரு கஷ்டம். அந்த நடுவழியைப் பிடிப்பதுதான் இன்றுவரை இந்த ஆபரேஷனின் திறமை.

என் முறை

ஊருக்கெல்லாம் பிரஷர் பார்த்த எனக்கே கிளாக்கோமா. பள்ளிக்கூட நாளிலிருந்து மைனஸ் 6 கண்ணாடி போட்டவன் நான். பத்து வருடம் சொட்டு மருந்தில் ஓட்டினேன். 2021ல் வலது கண்ணுக்கு மருந்து போதவில்லை. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்துகொண்டேன்.

பத்தாம் நாள் காலை. வாசல் கிரில் கம்பிகளைப் பார்க்கிறேன், கம்பி எல்லாம் பாம்பாக நெளிகிறது. காபி கொண்டுவந்த மனைவியின் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

“ஏங்க, என்ன அப்படிப் பாக்கறீங்க?” என்றாள்.

எனக்கு அவள் குரல் கேட்கவில்லை. “ஆத்துத் தண்ணிக்குள்ள பாக்கிற மாதிரி” என்ற குரல்தான் கேட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே புதுச்சேரி போனோம். அழுத்தம் 3. இளவயது டாக்டரம்மா ஓசிடி ஸ்கேன் எடுத்துத் திரையில் காட்டினார். சமவெளியாக இருக்க வேண்டிய விழித்திரை கல்வராயன் மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கியிருந்தது. “பயப்படாதீங்க ஐயா. சீக்கிரம் வந்துட்டீங்க. மடல்ல ரெண்டு தையல் சேர்த்துப் போட்டா அழுத்தம் ஏறும், மடிப்பு விரிஞ்சிடும்” என்றார். அப்படியே செய்தார்கள். அழுத்தம் 11க்கு வந்தது. ஒன்றரை மாதத்தில் கம்பிகள் பெரும்பாலும் நேராகின. இன்றும் தினசரியின் ஒரு வரியில் நடு எழுத்து மட்டும் சற்றுக் குனியும். அதோடு வாழப் பழகிவிட்டேன்.

“விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்மா?” என்று கேட்டேன்.

“மாசக்கணக்கா விட்டா மடிப்பு படிஞ்சு நின்னுடலாம் ஐயா. அப்புறம் அழுத்தத்தை ஏத்தினாலும் பார்வை முழுசா வராம போகலாம்.”

கவுண்டருக்கும் இதேதான் நடந்தது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஸ்கேனும் இல்லை, சீட்டும் இல்லை. ஆனால் வயது, கிட்டப்பார்வை, விழுந்த அழுத்தம், நெளிந்த கோடு எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. அன்று நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அவர் சொன்னதை நம்பி, ஒரு சீட்டு எழுதி, திரும்ப அனுப்பியிருக்க வேண்டும். என் கையில் இருந்த கருவி அழுத்தத்தைத்தான் காட்டும், பார்வையைக் காட்டாது. பார்வையைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் நான் அதட்டினேன்.

மலைக்குப் போனேன்

2022 தை மாதம் மகனைக் கார் ஓட்டச் சொல்லி மலை ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். கவுண்டர் காலமாகி எட்டு வருடம் ஆகியிருந்தது. அவர் மகன் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். நான் யார் என்று சொன்னேன். திண்ணையில் பாய் போட்டு உட்கார வைத்தார்.

“அப்பாவுக்கு மொகம் எதுவும் சரியா தெரியாதுங்க. கொரல வச்சுத்தான் ஆளச் சொல்லும். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நாங்க கூப்பிட்டோம். ‘வேணாம், சொன்னா அந்த சார் நம்ப மாட்டாரு’ன்னுடுச்சு.”

நான் சொல்ல வந்த மன்னிப்பு வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது. “தம்பி, நீங்க கண்ணுப் பரிசோதனை பண்ணியிருக்கீங்களா?” என்று கேட்டேன். பண்ணியதில்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு. அடுத்த வாரமே அவரைக் கீழே வரவழைத்து, நானே கூட்டிக்கொண்டு போனேன். அழுத்தம் 28. நரம்பு சற்றே தேய்ந்திருந்தது, பார்வைக்குச் சேதமில்லை. லேசர் வைத்தார்கள். கத்தி வேண்டியிருக்கவில்லை. 2019ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வுக்குப் பிறகு சொட்டு மருந்துக்கும் முன்னால் இந்த லேசரையே வைக்கலாம் என்ற எண்ணம் வலுத்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் வருகிறார். ஒவ்வொரு தடவையும் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் புளி வரும்.

அரவிந்த் மருத்துவமனைக்காரர்கள் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்து 2003ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 2.6 பேருக்கு கிளாக்கோமா இருந்தது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் தமக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது.

ஆகவே நண்பர்களே, 40 வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடி மாற்றப் போகும்போது பவர் மட்டும் பார்க்காமல் அழுத்தமும் நரம்பும் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தினம் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். கம்பி நெளிந்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ, அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். என்னைப் போன்ற ஆள் யாராவது “அழுத்தம் நல்லாத்தான் இருக்கு, போங்க” என்று சொன்னால் போகாதீர்கள். இன்னொரு முறை சொல்லுங்கள்.